கையெழுத்து இல்லாத படங்கள்

புல்லட் வண்டியின் பெட்ரோல் டேங்க்கில் ஓடும் மெல்லிய தங்கக் கோட்டை இயந்திரம் போடுவதில்லை, ஆள்தான் போடுகிறார். 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கிய ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் இந்த வேலை ஒரே குடும்பத்தின் கைவழியாகத் தலைமுறை தாண்டி வந்தது. நீளமயிர்த் தூரிகையைப் பெயின்டில் தோய்த்து, டேங்க்கின் வளைவோடு மூச்சை அடக்கி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். அளவுகோலும் கிடையாது, ஒட்டுநாடாவும் கிடையாது. அந்த இழுப்பைப் பிடித்த வீடியோக்கள் இணையத்தில் நாடு நாடாகச் சுற்றுகின்றன. கோடு போட்டவரின் பெயர் வண்டியில் எங்கும் இல்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான வடசென்னைக் கரையோரம் முழுக்க இதே கதைதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்குப் பழுது பார்த்து, புதிதாக வண்ணம் பூசுவார்கள். பதிவெண், குலசாமி பெயர், மாதா படம், பிள்ளைகளின் பெயர் எல்லாம் கையால் ஏறும். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் நெற்றியில் எழுத்து, கட்சிச் சுவர்களில் தலைவர் முகம், கேரம் கிளப் வாசலில் போர்டு, இறந்தவருக்கு நினைவுப் படம். இத்தனை படம் புழங்கும் வட்டாரம் நகரத்தில் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் வரைந்தவரின் கையெழுத்து இருக்காது. இருந்தாலும் மூலையில் ஒரு செல்பேசி எண்ணாக இருக்கும்.

இந்த மண்ணிலிருந்து ஓர் ஓவியர் இணையத்தில் தன் பெயரில் கடை போட்டால் என்ன கிடைக்கிறது, என்ன கைநழுவுகிறது? இன்று கையில் போன் வைத்திருக்கும் எந்தப் பிள்ளையும் கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் திறந்துவிடலாம். அதனால் பக்கம் திறப்பது பெரிய செய்தியே அல்ல. படம் யாரிடம் போனது, என்ன விலைக்குப் போனது, வாங்கியவரை மறுபடி அழைக்க வழி உண்டா என்பதுதான் விஷயம். ஓவியர்களின் பழைய வரலாறும் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டுகிறது.

படத்தை ஆயிரம் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசை இணையத்தோடு பிறந்ததல்ல. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் தொடங்கியதே அதற்காகத்தான். அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் இந்தியா முழுக்கப் பூஜையறைகளில் ஏறினார்கள். அச்சகமோ நஷ்டத்தில் ஓடி, கடைசியில் ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போனது. படம் பரவுவதும் ஓவியருக்குப் பணம் வருவதும் வேறு வேறு கணக்கு என்பதற்கு இது ஒரு பழைய சான்று. சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகத் திரை வரைந்து, பிறகு கோவில்பட்டியில் உட்கார்ந்த கொண்டையராஜு (1898-1976) அடுத்த சான்று. சிவகாசியில் அச்சான காலண்டர்கள் வழியே அவருடைய முருகனும் மீனாட்சியும் தமிழ்நாட்டில் நுழையாத வீடு குறைவு. அவர் படத்தில் பெயர் இருந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் பெயரும் இருந்தது. வாங்கியவர்கள் கடையின் வாடிக்கையாளர்கள், ஓவியரின் வாடிக்கையாளர்கள் அல்லர்.

இதற்கு நேர் எதிரான முயற்சி ஒன்றும் சென்னையில் நடந்தது. இணைய யுகத்து ஓவியர் படிக்க வேண்டிய பாடம் அதில் நிறைய இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய எழும்பூர் ஓவியப் பள்ளியில், தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்குப் பிறகு 1957-இல் முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். மாணவர்கள் நன்றாக வரைகிறார்கள், வெளியே போனதும் வயிற்றுப்பாட்டுக்கு வரைவதை விடுகிறார்கள் என்பது அவருடைய கவலை. அந்நாளில் சென்னையில் நவீன ஓவியம் வாங்குவோர் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பணிக்கரும் கூட்டாளிகளும் ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள். பாத்திக் துணியும் மற்ற கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணம்தான் 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு நிலமாக மாறியது. இன்றைக்குக் கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் படம் அச்சிட்டு விற்கும் ஓவியரைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். பாத்திக் விற்றதால் பணிக்கரின் ஓவியம் தாழ்ந்துவிடவில்லை.

இன்னொன்றும் செய்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் முற்போக்கு ஓவியர் சங்கம் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற சிற்றிதழை நடத்தியது. தங்களைப் பற்றி பம்பாயும் டெல்லியும் எழுதும் என்று காத்திராமல் தாங்களே எழுதி, அச்சடித்து, அஞ்சலில் அனுப்பினார்கள். யாருக்கு அனுப்புவது என்ற முகவரிகள் அவர்களிடமே இருந்தன. அந்த நாளுக்கு அதுதான் இணையப் பக்கம்.

சோழமண்டலம் நகரின் தென்கோடி, எண்ணூர் வடகோடி. நடுவில் ஒரு நகரமே கிடக்கிறது. காட்சிக்கூடங்களும் அப்படித்தான் வளர்ந்தன. லலித் கலா அகாடமியின் மண்டல மையம் கிரீம்ஸ் சாலையில். தனியார் கூடங்கள் பெரும்பாலும் ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. ஆனால் ராயபுரத்து ஓவியருக்கு ஒரு காட்சிக்கூடத்தின் கதவு வரைக்கும் போக வண்டி அமையவில்லை. வட்டாரத்தில் திறமை குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாங்கக்கூடிய ஆள் அந்தப் பக்கம் வருவதில்லை, அவ்வளவுதான்.

வட்டாரத்துக் கைகளுக்கு நிலையான கூலி கொடுத்தது போர்டும் பேனரும். சினிமா பேனர் தொழிலைப் பற்றி பிரமிந்தா ஜேக்கப் 2009-இல் விரிவாக ஒரு நூலே எழுதினார். அதில் வரும் தொழிற்கூடங்களில் மாஸ்டர் முகம் வரைவார், அடுத்தவர் உடை, அதற்கடுத்தவர் எழுத்து என்று படிநிலை இருந்தது. கட்டம் போட்டு சின்னப் படத்தை அறுபதடி உயரத்துக்குப் பெருக்கும் அந்தக் கணக்கு வேறெங்கும் சொல்லித்தரப்படாத கல்வி. 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. சதுர அடிக் கணக்கில் ஒரே இரவில் அச்சாகி வரும் பிளாஸ்டிக் துணியோடு தூரிகை போட்டி போட முடியவில்லை. 2010 வாக்கில் மாநகராட்சி முக்கியச் சாலைகளின் சுவர்களில் போஸ்டர் ஒட்டத் தடை போட்டு, அங்கே படம் வரையச் செய்தபோது பேனர் ஆர்ட்டிஸ்டுகள் சிலருக்குக் கொஞ்ச காலம் வேலை கிடைத்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது. பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) ஒரு சுவர்ப் படத்துக்காக நடக்கும் அடிதடியை வைத்தே முழுக் கதையையும் சொன்னது. அந்தச் சுவர் யாருடையது என்று கேட்ட படம் அது. சுவரில் வரைந்தவர் யார் என்ற கேள்வி அங்கேயும் எழவில்லை.

இணையத்தில் கலை விற்பனை தொடங்கியதும் ஏறக்குறைய இதே ஆண்டுகளில்தான். மும்பையின் சாஃப்ரன்ஆர்ட் 2000-இல் இணைய ஏலத்தைக் கொண்டுவந்தது. அது உசேன், ரஸா வகையறாவின் சந்தை. அதே 2000-இல் டீவியன்ட்ஆர்ட் எளிய ஓவியர்களுக்கு உலகளவில் ஒரு சுவர் கொடுத்தது. 2005-இல் எட்ஸி கைவினைக் கடைத்தெருவாக வந்தது. 2010-இல் இன்ஸ்டாகிராம். நம்மூரைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விடப் பெரிய திருப்பம் 2016-இல் வந்த யுபிஐ என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன் படத்தைப் பார்த்துப் பிடித்துப்போன ஆளிடமிருந்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்குவதற்குள், வங்கிக் கிளை, கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி என்று பேச்சு நீண்டு, ஆசையே ஆறிப்போகும். இப்போது டீக்கடைக்குக் கொடுக்கும் அதே வழியில் ஓவியருக்கும் கொடுக்க முடிகிறது.

இணையம் ஒரு தமிழ் ஓவியரை எவ்வளவு தூரம் தூக்கும் என்பதற்குக் கும்பகோணம் பக்கத்து ஓவியர் இளையராஜாவைச் சொல்லலாம். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கும் கிராமத்துப் பெண், கதவில் சாய்ந்த சிறுமி, அடுப்படிப் புகை என்று அச்சு அசல் புகைப்படம் போல அவர் வரைந்தவை முதலில் வார இதழ்களில் வந்தன. பிறகு முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பரவிய வேகத்துக்கு அளவே இல்லை. 'இது போட்டோவா, பெயின்டிங்கா' என்ற கேள்வியே அவருக்கு விளம்பரமானது. 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது அஞ்சலி எழுதியவர்களில் பலர் அவர் ஓவியத்தின் அசலை ஒருமுறைகூட நேரில் பார்த்திராதவர்கள். பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் பெயரை வெட்டிவிட்டுத்தான் பகிர்ந்தார்கள். காலண்டரின் ஜவுளிக்கடை போய், வாழ்த்துச் செய்தி வந்து உட்கார்ந்தது.

அதே ஆண்டில் இன்னொரு கோடியில் இன்னொன்று நடந்தது. 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பீப்பிள் என்ற அமெரிக்கரின் மின்படம் 6.93 கோடி டாலருக்குப் போனது. வாங்கியவர் மெட்டாகோவன் என்ற பெயரில் இருந்த விக்னேஷ் சுந்தரேசன் என்னும் தமிழர். உடனே, அப்படி மின்படத்துக்கு உரிமைச் சீட்டாக விற்கப்படும் என்எஃப்டி பற்றிய பேச்சு சென்னைக் கல்லூரி விடுதிகள் வரை ஓடியது. அந்தச் சந்தை அடுத்த ஆண்டே சரிந்தது. இந்தக் கூத்தில் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. பீப்பிள் 2007 மே முதல் நாளிலிருந்து தினம் ஒரு படம் என்று விடாமல் போட்டுவந்தவர். ஏலம் போனது அப்படிச் சேர்ந்த 5,000 படங்களின் தொகுப்பு. தொழில்நுட்பத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது அந்த ஒழுங்கு. அதற்கு என்எஃப்டி தேவையில்லை, மாதாந்திர டேட்டா பேக் போதும்.

கொரோனா ஊரடங்கு வேறொரு வழியையும் காட்டியது. 2020 மார்ச்சில் இங்கிலாந்து ஓவியர் மேத்யூ பரோஸ் ஒரு எளிய விதி வைத்தார். 200 பவுண்டுக்கு மேற்படாத விலையில் படத்தை இன்ஸ்டாகிராமில் போடு. 1,000 பவுண்டு சேர்ந்ததும் 200 பவுண்டுக்கு இன்னொரு ஓவியரின் படத்தை வாங்கு. ஓவியர்களே ஓவியர்களுக்கு வாடிக்கையாளர் ஆனார்கள். ஆர்ட் செயின் இந்தியா என்ற பெயரில் இங்கும் அதே சாயலில் ஒன்று கிளம்பியது. சோழமண்டலத்தின் கூட்டுப் பணப்பைக்கு இது தூரத்து உறவு. எண்ணூர், திருவொற்றியூர் போன்ற இடத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் இதைச் செய்யலாம். நம்மூரில் பத்து ஆர்ட்டிஸ்ட் சேர்வதுதான் கடினம் என்று ஆர்ட்டிஸ்டுகளே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

எதை வரைந்து விற்பது? இங்கேதான் வடசென்னைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வட்டாரம் இணையத்தில் பேசப்பட்டதெல்லாம் காயங்களால். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய சென்னைப் புறம்போக்குப் பாடலின் வீடியோ எண்ணூர்க் கழிமுகத்தில், அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே எடுக்கப்பட்டது. அதே மாதம் 28-ஆம் தேதி எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்ட, இளைஞர்கள் வாளியால் அள்ளிய படங்கள் உலகம் முழுக்கப் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய், மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிவு. வெளியிலிருந்து கேமராக்கள் வந்தன, படம் எடுத்தன, போயின.

இதை மாற்ற நினைத்தவர்களில் எம். பழனி குமார் முக்கியமானவர். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர், கிராமப்புற இந்தியாவைப் பதிவுசெய்யும் பாரி இணையதளத்தின் புகைப்படக்காரர், 2022-இல் முதல் தயானிதா சிங்-பாரி விருது பெற்றவர். வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்து, தங்கள் தெருவைத் தாங்களே எடுக்கச் சொல்லித்தந்தார். அப்பா வலை பின்னுவது, அம்மா மீன் கூடையோடு பஸ் ஏறுவது, மொட்டை மாடியில் தங்கை என்று அவர்கள் எடுப்பதில் வெளியாளுக்குக் கிடைக்காத நெருக்கம் இருக்கிறது. பிள்ளைகளின் பெயரோடு அவை காட்சிக்கு வந்தன என்பது இந்தக் கட்டுரையின் கணக்கில் சின்ன விஷயமே அல்ல.

ஆனால் விற்பனை என்று வரும்போது கூச்சமில்லாமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். சாம்பல் மூடிய ஆற்றின் படத்துக்கு லைக் குவியும். அதை ஹாலில் மாட்ட முன்வருகிறவர் குறைவு. விற்பது படகும், கோபுரமும், பிள்ளையாரும், வாடிக்கையாளரின் அம்மா முகமும். இரண்டையும் ஒரே பக்கத்தில் போடுவதில் தப்பில்லை. முதலாவது ஓவியர் யார் என்று காட்டும், இரண்டாவது அரிசி வாங்கும். காலண்டருக்குச் சாமியும் தனக்கென்று வேறும் வரைந்த பெரியவர்கள் நம்மிடம் நிறைய இருந்தார்கள். அப்படிப் பார்த்தால் காசிமேட்டுப் படகில் ஏறும் எழுத்துக்கும் புல்லட் டேங்க்கின் கோட்டுக்கும் தனிச் சந்தை இருக்க வேண்டும். கையால் எழுதும் எழுத்துகளுக்கு உலகம் முழுக்க இப்போது மறுபடி மவுசு. லண்டனில் பப் வாசல் போர்டைக் கையால் எழுதுகிறவரை இன்ஸ்டாகிராமில் தேடிப்போய் அழைக்கிறார்கள். நம் ஊரில் உணவகம் திறக்கிறவர் பழைய மெட்ராஸ் பாணி போர்டு வேண்டும் என்று கணினியில் போலி செய்து ஃப்ளெக்ஸிலேயே அச்சடிக்கிறார். அசல் ஆள் மூன்று தெரு தள்ளி இருப்பது அவருக்குத் தெரியாது. தெரியவைப்பதுதான் இணையப் பக்கத்தின் முதல் வேலை.

இனி வேலை மேசைக்கு வருவோம். படத்தைப் போனில் எடுப்பதில்தான் முதல் கோளாறு. டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் சிவப்பு செத்துப்போகும், வார்னிஷ் அடித்த இடம் கண்ணாடியாக மின்னும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கத்தில், காலை எட்டு மணி வாக்கில், படத்தைச் செங்குத்தாகச் சாய்த்து, போனைப் படத்துக்கு நேர் இணையாகப் பிடித்து எடுப்பதே சரி. நாலு மூலையும் நேராக வரும்வரை எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுத்தால், பிறகு அந்த வெள்ளையைப் பார்த்து நிறத்தைத் திருத்தலாம். எண்ணூர்க்காரருக்குக் கூடுதல் தொல்லை, காற்றில் வரும் சாம்பல் தூசும் கடல் ஈரமும். ஈர வண்ணத்தில் தூசு உட்கார்ந்தால் எடுக்க முடியாது. சுவரோடு ஒட்டி வைத்த கான்வாஸின் முதுகில் ஐப்பசி மழைக்குப் பூஞ்சை பூக்கும்.

அடுத்தது பார்சல். அக்ரிலிக் வண்ணம் வெயிலில் இளகும் சரக்கு. அதன்மேல் நேரடியாகக் குமிழ் உறையைச் சுற்றிச் சித்திரை மாதம் கொரியரில் போட்டால், போய்ச் சேரும்போது வானம் முழுக்க வட்ட வட்டமாக அச்சு விழுந்திருக்கும். நடுவில் பட்டர் பேப்பர் வேண்டும், குமிழ்ப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும். சட்டமில்லாத கான்வாஸைச் சுருட்டும்போது வண்ணப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் மடிந்து வெடிக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நாலு இஞ்ச் பிவிசி பைப் நல்ல உறை. கொரியர்காரர் எடை போடுவதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் வருவதுதான் கன அளவு எடை. 75-க்கு 60-க்கு 10 பெட்டி என்றால், உண்மையில் இரண்டு கிலோ இருந்தாலும் ஒன்பது கிலோவுக்குக் கட்டணம். அதனால்தான் புத்திசாலிகள் ஃபிரேம் போடாமல் விற்கிறார்கள். உள்ளூர் வாடிக்கையாளர் கேட்டால் தேவராஜ முதலித் தெருவில் போட்டுக்கொடுக்கிறார்கள்.

விலையைப் போடுவதில் நம்மவர்களுக்கு இன்னும் ஒரு வெட்கம். படத்துக்குக் கீழே ஒருவர் கேட்பார்: "அண்ணா, சூப்பர்! இது என்ன ரேட்டுண்ணா?" பதில் வரும்: "இன்பாக்ஸ் வாங்க தம்பி." தம்பி வரமாட்டார். விலை பார்த்து மிரண்டுபோக வாய்ப்பு உண்டு என்பதால் மறைப்பதாக ஓவியர் நினைக்கிறார். கேட்டுவிட்டு வாங்காமல் போனால் அசிங்கம் என்று நினைத்து தம்பி கேட்காமலேயே போகிறார். சதுர இஞ்ச் கணக்கில் ஒரு விலை வைத்து வெளிப்படையாக எழுதிவிட்டால் இருவருக்கும் நிம்மதி. அசல் 15,000 என்றால், அதே படத்தின் ஏ3 அச்சு 900-க்கு, அஞ்சலட்டை 40-க்கு என்று படிகள் இருந்தால், காலேஜ் பிள்ளையும் ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு போவார்.

மோசடி இந்தச் சந்தைக்கு முன்னாலேயே வந்து காத்திருக்கிறது. ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு பேசுவார். பேரம் பேசாமல் மூன்று படம் கேட்பார். பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். பணம் வாங்க பின் எண் தேவையே இல்லை, கொடுக்கத்தான் தேவை என்ற ஒரே விஷயம் தெரிந்தால் போதும். வெளிநாட்டு வாடிக்கையாளர் வேடத்தில் கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்பி, மீதியைத் திருப்பிக் கேட்பது அதற்கு அண்ணன்.

வரிக்கு வருவோம். கையால் வரைந்த ஓவியத்துக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காடாக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. பொதுவாக வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்றால் விற்றுமுதல் எவ்வளவு என்றாலும் பதிவு கட்டாயம். ஆனால் அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு 20 லட்சம் வரை விலக்கு உண்டு, அந்தப் பட்டியலில் கை ஓவியமும் இருக்கிறது. பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக விற்கும் சிறு வியாபாரிக்கு 2023 அக்டோபர் வரை கட்டாயப் பதிவு என்ற சுவர் இருந்தது. இப்போது மாநிலத்துக்குள் விற்றால் அது இல்லை. திருவொற்றியூர் ஓவியர் தளம் வழியே மதுரைக்கு விற்பதும் பெங்களூருக்கு விற்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. ஒரு கணக்காளரிடம் அரை மணி நேரம் பேசிவிடுவது செலவல்ல.

எட்ஸி போன்ற தளம் விற்ற தொகையில் 6.5 விழுக்காடு எடுக்கிறது, அதற்குமேல் பட்டியலிடக் கட்டணம், பணப் பரிமாற்றக் கட்டணம். காட்சிக்கூடங்கள் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுப்பதை ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் காட்சிக்கூடக்காரர் வாங்கியவரின் தோளில் கைபோட்டு ஓவியரிடம் அழைத்துவருவதும் உண்டு. தளம் அப்படிச் செய்யாது. கூட்டம் தளத்தினுடையது, தளம் போனால் கூட்டமும் போகும். 2014-இல் ஆர்குட் மூடியது. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக்குக்குத் தடை வந்தபோது, லட்சக்கணக்கில் பின்தொடர்வோரை வைத்திருந்த தமிழ்நாட்டுக் கலைஞர்கள் மறுநாள் காலையில் பூஜ்யத்தில் எழுந்தார்கள். இன்ஸ்டாகிராமில் இன்று பத்தாயிரம் பேர் தொடர்ந்தாலும், யாருக்குப் படத்தைக் காட்டுவது என்று முடிவுசெய்வது அதன் நிரல்தான். வாங்கிய முப்பது பேரின் பெயரும் எண்ணும் ஒரு நோட்டில் இருந்தால், பொங்கலுக்குப் புதுப் படம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சொல்ல யார் தயவும் வேண்டாம். வடசென்னை மளிகைக்கடைக்காரருக்குத் தெரிந்த இந்த வித்தை ஓவியர்களுக்கு மட்டும் ஏன் கசக்கிறதோ.

வெளிநாட்டுத் தமிழர்களை நம்பிக் கடை போடுவோரும் உண்டு. டொரன்டோவிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும் வீடு வாங்கியவர்கள் ஊர் ஞாபகத்துக்குச் சுவரில் ஏதாவது கேட்கிறார்கள். ஏற்றுமதிக்கு 500 ரூபாய்க் கட்டணத்தில் ஐஇசி என்ற ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும். பேபால் 2021 ஏப்ரலோடு உள்நாட்டுப் பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது, வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 800 டாலர் வரையிலான சிறு பார்சல் வரிவிலக்கை எடுத்ததை ஒட்டி, இந்திய அஞ்சல் துறை அந்நாட்டுக்குப் பார்சல் ஏற்பதை நிறுத்தியது. அக்டோபர் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. வாஷிங்டனில் எடுத்த முடிவால் ஒரு படம் ராயபுரத்துக் கட்டிலுக்கு அடியில் இரண்டு மாதம் கிடக்க நேரலாம் என்பதைக் கடை போடும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இணையத்தில் போட்டதைத் திருடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். படத்தின் நடுவில் பெரிய முத்திரை குத்தினால் திருடனோடு சேர்த்து வாங்குபவரும் ஓடுவார். சின்ன அளவில் போடுவதும் மூலையில் தெளிவாகக் கையெழுத்திடுவதும் போதும். 2022-க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவு வந்து, இணையத்தில் கிடந்த படங்களையெல்லாம் விழுங்கி அதே பாணியில் துப்புகிறது. இதற்கு எளிய பூட்டு இன்னும் யாரிடமும் இல்லை. வரையும் கையை வீடியோவாகக் காட்டுவது இப்போதைக்கு நல்ல பதில். டேங்க்கில் கோடு இழுக்கும் வீடியோவை உலகம் பார்ப்பதும் அந்தக் கைக்காகத்தானே.

சட்டத்தில் ஓவியருக்குச் சாதகமாக இருப்பதைவிட, தெரியாமல் இழப்பதுதான் அதிகம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை விற்றால் படம்தான் போகும், அச்சிடும் உரிமை போகாது. அதை எழுத்து மூலமாகத்தான் கொடுக்க முடியும். ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை அது குடும்பத்துக்கு. ஆனால் 17-ஆம் பிரிவில் ஒரு கண்ணி உண்டு. ஒருவர் கேட்டு, காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், கேட்டவர்தான் முதல் உரிமையாளர். இணையத்தில் புதிதாகத் தொடங்குவோரின் வருமானத்தில் பெரும்பங்கு, போட்டோ அனுப்பி வரையச் சொல்லும் போர்ட்ரெய்ட் வேலைதான். அம்மா முகத்தை வரைந்து கொடுத்தவர் அதே படத்தைத் தன் அஞ்சலட்டையில் போட்டால், சட்டப்படி வாடிக்கையாளர் கேள்வி கேட்கலாம். ஆர்டர் எடுக்கும்போதே 'பதிப்புரிமை ஓவியருக்கே' என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் எழுதி, 'சரி' என்று பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பதிவு செய்ய விரும்பினால் ஓர் ஓவியத்துக்கு 500 ரூபாய்.

1994 திருத்தத்தில் சேர்ந்த 53ஏ பிரிவு இன்னும் சுவாரசியமானது. ஓவியர் முதல் உரிமையாளராக இருந்த ஒரு அசல் படம் பின்னொரு நாள் 10,000 ரூபாய்க்கு மேல் கைமாறினால், அந்த விலையில் 10 விழுக்காடு வரை பங்கு கேட்க அவருக்கோ வாரிசுக்கோ உரிமை உண்டு. நாடு முழுக்க இது பெரும்பாலும் தாளிலேயே தூங்குகிறது. படம் யாரிடம் இருக்கிறது என்றே ஓவியருக்குத் தெரியாவிட்டால், அது கைமாறியது எப்படித் தெரியும்? அந்த முப்பது பேர் நோட்டு இங்கேயும் தேவைப்படுகிறது. படத்தின் பெயர், அளவு, வரைந்த ஆண்டு, சிறிய போட்டோ, விலை, வாங்கியவர் பெயர், ஊர், எண் என்று ஒரு வரிக்கு ஒரு படம். ஆண்டர்சன் தெருவில் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு கிடைக்கும். எக்செல் தெரிந்தவர்களுக்கு அதுவும் சரி.